பணிப்பவரும் பணிபவரும்

‘பணி’ என்றால் வேலை. ‘பணிந்தான்’ என்றால் தலை தாழ்த்தினான். ‘பணித்தான்’ என்றால் கட்டளையிட்டான். ஒரு ‘ந்’ போய் ‘த்’ வந்ததும் தாழ்ந்த தலை நிமிர்ந்து ஆணையிடத் தொடங்கிவிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலருகே செய்வது பணிவிடை. அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேருகிறவர் கையில் வாங்குவது பணி நியமன ஆணை. வேலை, வணக்கம், ஆணை மூன்றையும் ஒரே வேரில் கட்டிவைத்திருக்கிறது தமிழ். மேலாண்மைத் துறை நூறாண்டாகச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வியும் அந்த வேரில்தான் கிடக்கிறது. ஆணையிடும் இடத்தில் இருப்பவர் தமக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொண்டு செய்ய முடியுமா? செய்தால் ஆணை நீர்த்துப்போகாதா? ஆணையிடும் கை செய்வது தொண்டுதானா, இல்லை ஆணையின் இன்னொரு வேடமா?

முன்பு நான் வேலைபார்த்த ஓர் அலுவலகத்தில் மேனேஜர் ஒருவர் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு மணிக்கு அவரே ட்ரேயைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக டீ கொடுக்க ஆரம்பித்தார். வழக்கமாக டீ கொடுக்கும் அட்டெண்டர் அண்ணன், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னாலேயே நடந்துவந்தார். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா மகளின் பிரசவத்துக்காகக் கேட்ட விடுப்பு, அதே மேனேஜரின் மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இரண்டு வாரமாகக் கிடந்தது. “டீ நல்லாத்தான் இருக்கு. அந்தக் கையால ஒரு கையெழுத்துப் போட்டா இன்னும் நல்லாயிருக்கும்” என்றார் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

தலைமையும் தொண்டும் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்த ட்ரேயும் பேப்பர்வெயிட்டும் நினைவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் டீ கொடுக்கலாம். கையெழுத்து அவர் ஒருவரால்தான் போட முடியும். அவருக்கென்று வாய்த்த அந்த ஒன்றைச் செய்யாமல், எவரும் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு எளிமை என்று பெயர் வாங்கிக்கொண்டார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதைச் சுற்றியதுதான்: தலைமையின் தொண்டு என்பது அதிகாரத்தைக் கழற்றி வைப்பதில் இல்லை, அதை யாருக்காகச் செலவழிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குவோம். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இதை மரபால் வருவது, ஆளுமையின் ஈர்ப்பால் வருவது, சட்டத்தாலும் விதியாலும் வருவது என்று மூன்றாகப் பிரித்தார். அவர் இறந்தபின் 1922இல் வெளியான பெருநூலில் வரும் இந்தப் பிரிவினை வகுப்பறைகளில் மனப்பாடமாகிவிட்டது. நம் அலுவலகங்களில் இம்மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்பதால் பிரிவினை அவ்வளவாக உதவுவதில்லை. முதலாளியின் மகன், பேச்சில் கெட்டிக்காரர், கம்பெனிச் சட்டப்படி எம்.டி. எல்லாம் ஒரே ஆள்.

அதைவிட உயிருள்ள சிந்தனை மேரி பார்க்கர் ஃபாலெட்டுடையது. 1868இல் பிறந்தவர், பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் சமூக மையங்கள் நடத்தியவர், தொழிற்சாலை எதையும் நிர்வகித்தவரல்ல. 1920களில் தொழிலதிபர்கள் அவரை அழைத்துப் பேசச்சொல்லிக் கேட்டார்கள். ஒருவர்மீது செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு என்பது அவர் பேச்சின் சாரம். கட்டளையைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நுட்பமானது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கட்டளையிடக் கூடாது. இருவரும் சேர்ந்து நிலைமையைப் படித்து, அந்த நிலைமை என்ன கேட்கிறதோ அதை இருவருமே கட்டளையாக ஏற்க வேண்டும் என்றார். கேட்க ஆசிரமப் பேச்சு போலிருக்கலாம். ஆனால் தீப்பிடித்த கட்டடத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். அங்கே ‘யார் சொன்னது’ என்று யாரும் கேட்பதில்லை. 1933இல் ஃபாலெட் இறந்தார். பிறகு நெடுங்காலம் அவரை யாரும் அதிகம் பேசவில்லை. பெண் என்பதும், தொழிற்சாலைக்கு வெளியே இருந்து பேசியதும் அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

செஸ்டர் பார்னார்ட் வெளியாள் அல்ல. நியூ ஜெர்சி பெல் தொலைபேசிக் கம்பெனியின் தலைவர். 1938இல் அவர் எழுதிய நிர்வாகப் பணிகள் பற்றிய நூலில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது: அதிகாரம் ஆணையிடுகிறவரிடம் இல்லை, அதை ஏற்கிறவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஆணைகளின் வட்டம் ஒன்று உண்டு. ஆணை அந்த வட்டத்தைத் தாண்டினால் அது வெறும் சத்தம். சந்தேகமாக இருந்தால் நம் ஊரில் நடக்கும் ‘விதிப்படி வேலை’ போராட்டத்தைப் பாருங்கள். எவரும் எதையும் மீறுவதில்லை. எழுதிவைத்த எல்லா விதிக்கும் எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிகிறார்கள், அவ்வளவுதான். அலுவலகம் மதியத்துக்குள் நின்றுபோகிறது. அதுவரை அது ஓடியது ஆணையால் அல்ல, கீழே இருந்தவர்கள் மனமுவந்து கொடுத்த உபரியால் என்பது அப்போது தெரிகிறது.

அதே பெல் குடும்பத்தின் தாய்க் கம்பெனியான ஏ.டி. அண்டு டி.யில் 1926இல் சேர்ந்தவர் ராபர்ட் கிரீன்லீஃப். முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலைபார்த்து 1964இல் ஓய்வு பெற்றார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ஒரு குறுநாவலில், பயணக் குழுவுக்கு மூட்டை தூக்கும் வேலைக்காரன் ஒருவன் காணாமல் போனதும் குழுவே சிதறிவிடும். அவன்தான் உண்மையில் தலைவன் என்பது பிற்பாடு தெரியவரும். அந்தக் கதை தந்த பொறியில் 1970இல் கிரீன்லீஃப் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘தொண்டுத் தலைமை’ என்ற கருத்து உலகம் சுற்றக் கிளம்பியது. பயிற்சி வகுப்புகள் அதிலிருந்து டீ ட்ரேயை எடுத்துக்கொண்டன. கிரீன்லீஃப் வைத்த பரிசோதனையோ கடினமானது. உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் உங்களால் வளர்ந்தார்களா? அறிவிலும் ஆரோக்கியத்திலும் சுதந்திரத்திலும் கூடினார்களா? சமூகத்தின் கடைசிப் படியில் இருப்பவருக்கு உங்கள் முடிவால் நன்மையா, குறைந்தபட்சம் தீமையாவது இல்லையா? இந்தக் கேள்விகளுக்கு ட்ரேயைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

நம்மிடம் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் தோற்றபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களை எதிர்கொண்டு பொறுப்பைத் தாம் ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அது வென்றபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச்சொன்னார். பெருந்தன்மைக் கதையாகவே இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. தவான் அன்று தமது அதிகாரத்தைத் துறக்கவில்லை, முழுதாகப் பயன்படுத்தினார். தலைவர் என்ற நாற்காலி இருந்ததால்தான் அந்த அடியை அவரால் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஓர் இளநிலைப் பொறியாளர் முன்வந்து “தவறு என்னுடையது” என்றிருந்தால் அதற்குப் பெயர் தொண்டு அல்ல, பலி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ராபர்ட் லைடனும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உணவகச் சங்கிலி ஒன்றின் 71 கிளைகளில் 961 ஊழியர்களைப் பார்த்தார்கள். மேலாளர் கீழுள்ளவர்களுக்கு உதவும் கிளைகளில் அந்தப் பழக்கம் ஊழியர்களுக்கும் தொற்றி, கிளையின் செயல்பாடும் மேம்பட்டிருந்தது. 2018இல் ஜூலியா ஹோக் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புதிதாக வந்த தலைமைக் கோட்பாடுகளில் தொண்டுத் தலைமைக்குத்தான் தனக்கென்று சொல்லிக்கொள்ள ஏதோ இருக்கிறது, மற்றவை பெரும்பாலும் பழைய கள்ளுக்குப் புது மொந்தை என்கிற மாதிரி முடிவு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஊழியரிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச்சொன்னவை. பிடித்த மேலாளருக்கு எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண் விழும் என்பது படிவம் நிரப்பிய எவருக்கும் தெரியும். நாள்தோறும் கீழே உள்ளவர்களின் பிரச்சினையைத் தூக்கிச் சுமக்கும் மேலாளர் என்ன ஆகிறார் என்பதை அண்மைக்காலத்தில்தான் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். சிலருக்கு அது சோர்வில் முடிகிறது. பெரிய குடும்பத்தில் மூத்த மருமகளாக வாழ்ந்த எவரிடமாவது முதலிலேயே கேட்டிருக்கலாம்.

நல்ல மனமுள்ள மேலாளர் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பாமல் வேலையின் அமைப்பிலேயே இதைக் கட்டிவைக்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே ஒரு கயிறு வருகிறது.

டொயோட்டாவின் கதை கார்களுக்கு முன் தறிகளில் தொடங்கியது. சாகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியில், இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஓட்டைத் துணி மீட்டர் கணக்கில் நெய்யப்படுவதில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். பின்னாளில் கார் தொழிற்சாலையில் அந்தக் கொள்கை தலைக்கு மேலே ஓடும் கயிறாக மாறியது. போல்ட் சரியாகப் பிடிக்கவில்லையா, பாகம் பொருந்தவில்லையா, அந்த இடத்தில் நிற்கும் தொழிலாளி கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார். வண்டி அந்தப் பகுதியின் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். குழுத்தலைவரின் வேலையே, கூப்பிட்டால் வருவது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் மணி மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது. அடித்தால் கீழே இருப்பவர் ஓட வேண்டும். இங்கே மணி கீழே இருப்பவர் கையில்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய தொழிற்சாலையை, 1984இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து திறந்தன. பழைய தொழிலாளர்களே பெருமளவில் திரும்ப வந்தார்கள். முன்பு அங்கே என்ன நடந்தாலும் வரிசையை நிறுத்தக் கூடாது. குறையுள்ள வண்டியும் கடைசிவரை போகும். சண்டைக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர்போன அதே ஆட்கள், கயிறு கைக்கு வந்தபின் தரமான வண்டிகளைச் செய்தார்கள். கயிறு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வேலைப் பாதுகாப்பு பற்றிய வாக்குறுதியும் சங்கத்தோடு ஒப்பந்தமும் இருந்தன. கயிறு மட்டும் தொங்கவிட்டு, இழுத்தவரை மறுநாள் மெமோ கொடுத்துக் கூப்பிட்டால் அது உத்திரத்தில் தொங்கும் அலங்காரமாகிவிடும்.

கயிறு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளின் டெனரிஃப் விமான நிலையம். பக்கத்து விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஓடுபாதையில் பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் 747 விமானத்தில் கேப்டன், அதே வகை விமானத்துக்கு மற்ற விமானிகளைப் பயிற்றுவிக்கும் மூத்தவர்; நிறுவன விளம்பரங்களில் வரும் முகம். விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. வானொலியில் வந்த பேச்சைக் கேட்ட விமானப் பொறியாளர், அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த பான் ஆம் நிறுவனத்தின் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்கிறார். கேள்வியாகத்தான் கேட்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்கிறார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. சில விநாடிகளில் இரண்டு 747களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

கேப்டன் ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. பனி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வானொலிப் பேச்சு, பணிநேர விதி தந்த அவசரம் எல்லாம் சேர்ந்து செய்த விபத்து. ஆனாலும் விமானத்துறை அந்த ஒற்றைக் கேள்வியைத் தாண்டிப்போகவில்லை. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் விமான நிறுவனம் பயிற்சியைத் தொடங்கியது. சந்தேகத்தை எப்படிச் சொல்வது என்று இளையவர்களுக்கும், அதை எப்படிக் கேட்பது என்று கேப்டன்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். கேப்டனின் அதிகாரத்தில் எதையும் பிடுங்கவில்லை. இறுதி முடிவு இன்றும் அவருடையதுதான். முடிவெடுக்குமுன் அவர் காதுக்கு எட்ட வேண்டியது எட்டும்படி வழிசெய்தார்கள்.

மருத்துவமனைகளில் இதே விஷயம் தலைகீழாக வெளிப்பட்டது. செவிலியர் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமையுள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவு: அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். காரணம், அங்கே தவறைச் சொல்ல முடிந்தது. மற்ற பிரிவுகளில் தவறு குறைவில்லை, வாய்தான் குறைவு. ‘எங்கள் பிரிவில் புகாரே இல்லை’ என்று மார்தட்டும் அதிகாரிகளுக்கு இந்த ஆய்வை யாராவது படித்துக்காட்டலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தவர் என்பது பலருக்குத் தெரியும். என் கவனத்தை இழுப்பது அறுவை அரங்கின் அமைப்பு. மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார்செய்து வைத்துவிடுவார். முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அந்தப் பக்கம் திரும்புவார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து உருவாக்கிய பணியாளர்கள் அவர்கள். மருத்துவரின் கையால் மட்டுமே ஆகக்கூடியது எது, அவர் கௌரவத்துக்காகத் தன் கையில் வைத்திருப்பது எது என்று பிரித்து, இரண்டாவதை அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள். அதிகாரம் பங்கானதால் அரங்கு வேகமானது.

எல்லா அன்பும் இப்படிப் பங்கு வைப்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கூட்டிவந்தவர் அவர். கப்பல் செலவுக்கு முன்பணம் கொடுத்தவர். சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன் நின்றவர். துரையிடம் பேச வேண்டியதைப் பேசியவர். தொழிலாளி அவருக்கு உறவுக்காரராகவும் இருக்கக்கூடும். வேலைக்குத் திரண்ட ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு வருமானம். தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ இருந்தால்தான் வேறு தோட்டம் போகலாம். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்க வேண்டும். உதவி ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று சம்பளப் பேச்சின்போது மட்டும் சொல்லும் முதலாளியிடம் அதன் சாயல் இன்னும் இருக்கிறது. சென்னை பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சங்கம் அமைத்தபோது அவர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. மேலே இருப்பவரின் இரக்கத்துக்குக் காத்திருந்து கிடைக்காததை உரிமையாகக் கேட்டார்கள்.

இதுவரை எல்லாக் கோட்பாடும் ஒன்றை நினைக்காமல் நகர்ந்தது: குனிகிறவர் யார்? ஆஸ்திரேலியாவில் மூத்த மேலாளராக இருந்த ஆசிய வம்சாவளி ஆண் ஒருவரையும் அவருடைய ஊழியர்களையும் பேட்டி கண்டு ஹெலினா லியூ 2019இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மேலாளர் கிரீன்லீஃப் சொன்னபடிதான் தலைமை தாங்க முயன்றார். ஊழியர்கள் கண்ணுக்குத் தலைவர் தெரியவில்லை, தொண்டர் மட்டும் தெரிந்தார். உயரத்தில் இருப்பதாக ஏற்கப்பட்டவர் குனிந்தால் அது எளிமை. குனிந்திருக்க வேண்டியவர் என்று சமூகம் முடிவுசெய்தவர் குனிந்தால் அது அவர் இடம். மீட்டிங்கில் ஆண் மேனேஜர் காபி கோப்பைகளை எடுத்துவைத்தால் வியந்து பேசுகிறார்கள். பெண் மேனேஜர் செய்தால் அடுத்த மீட்டிங்கிலும் அவரைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் இதை இன்னும் பச்சையாகப் பார்த்தவர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். அவருக்குக் கீழே இருந்த பியூன்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தூரத்திலிருந்து மேசைமேல் எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்தி வந்தவர்கள் விரட்டினார்கள். பார்னார்டின் கோட்பாடு இங்கே கசக்கிறது. அதிகாரம் ஏற்கிறவரின் கையில் இருக்கிறது என்றால், சாதியைக் காரணம் காட்டி ஏற்க மறுப்பவர் கையிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட அதிகாரியிடம் போய் தொண்டுத் தலைமை பற்றி உபதேசிக்க யாருக்கும் வாய் வராது. அவருக்கு முதலில் வேண்டியது அவருக்குரிய நாற்காலி. அதைக் காப்பாற்றும் சட்டம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த டீ ட்ரே அலுவலகத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு சிறு பத்திரிகையில் எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. அச்சுக்குப் போகும் நாள். சேர்ந்து ஆறு மாதமே ஆன மெய்ப்புத் திருத்துநர், என் கட்டுரையில் ஓர் ஆண்டு தவறு என்று, நாலு பேர் நடுவில், மெதுவாக, கேள்வி மாதிரி கேட்டார். “சார், இது சரிதானா?” சரிதான் என்றேன். அவர் நகரவில்லை. புரூஃப் தாளில் அந்த எண்ணின் கீழே விரலை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ பாத்துடலாமா சார்?” என்றார். பார்த்தேன். தவறு. திருத்தி அனுப்பினேன். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதையும் நாலு பேர் நடுவில் சொல்லவில்லை.